கடல்நீரா, கழிவுநீரா? தண்ணீர் ஆலைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பேரூரில் எழும்பிக்கொண்டிருக்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சில "அப்பாடா, இனி தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது" என்கின்றன, சில "கடலையும் கெடுக்கப் போகிறார்கள்" என்கின்றன. இரண்டிலும் விஷயம் இருக்கிறது. எந்தத் தண்ணீர் ஆலையாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் எங்கே போகிறது, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மேடவாக்கம் வாசகர்: சார், ஒரு பக்கம் முழுக்கக் கடலை வைத்துக்கொண்டு நாம் ஏன் ஏரியையும் மழையையும் லாரியையும் நம்பிக் கிடக்க வேண்டும்? மொத்தச் சென்னைக்கும் கடலிலிருந்தே எடுத்துவிட்டால் என்ன?

எடுக்கலாம், கரண்டும் காசும் இருந்தால்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை மெம்பரேன் என்னும் மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளினால் உப்பு ஒரு பக்கமும் தண்ணீர் மறுபக்கமும் பிரியும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்த அழுத்தம் 60 பார் அளவுக்கு வேண்டும். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளத்தில் உருளை உருளையாக இருக்கும் அந்த மெம்பரேன்களை வரிசையாக அடுக்கி, இரவு பகல் பார்க்காமல் பம்ப் ஓட வேண்டும். நன்றாக நடக்கும் ஆலைகளிலேயே ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நாலு யூனிட் மின்சாரம் செலவாகிறது. பேரூர் ஆலை நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று போட்டாலும் தினமும் 14 லட்சம் யூனிட். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தால், தென்சென்னை குடிக்கும் தண்ணீருக்கான புகையையும் சாம்பலையும் அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் வாழும் எண்ணூர்க்காரர் சுமக்கிறார் என்று அர்த்தம். அங்கே கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடக்கும் சாம்பலைப் பார்த்தவர்களுக்கு இது சும்மா சொல்லும் பேச்சில்லை என்று தெரியும்.

விலையையும் பார்த்துவிடலாம். மீஞ்சூர் ஆலை 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் திறந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். தனியார் கட்டி, 25 வருடம் நடத்தி, பிறகு ஒப்படைக்கும் ஏற்பாடு. அப்போது ஒப்புக்கொண்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. லிட்டருக்கு ஐந்து காசுகூட இல்லை. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊரில் இது சல்லிசுதான். ஆனால் மெட்ரோ வாட்டர் வீடுகளிடம் வாங்கும் கட்டணம் அதையும்விட எவ்வளவோ குறைவு. நடுவில் விழும் பள்ளத்தை அரசுதான் நிரப்புகிறது, அதாவது குழாயே வராத தெருவில் இருப்பவரின் வரியும் அதில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், நல்ல மழை பெய்தாலும் ஆலைக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரம் பெரிய வறட்சிக்குப் பயந்து வொந்தாகி என்ற இடத்தில் ஒரு பிரம்மாண்ட ஆலை கட்டியது. 2012 கடைசியில் வேலை முடிந்தபோது அணையெல்லாம் நிறைந்திருந்தது. 2016 வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை, ஆனால் ஒப்பந்தப்படி வருடத்துக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்காக இந்த ஆலைகளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நெம்மேலியில் 2013-இல் திறந்த முதல் ஆலை முழு அளவில் ஓடினால் ஒரே நாளில் தருவது அப்படிப்பட்ட நாற்பது ரயில். அந்த வருடம் மீஞ்சூரும் நெம்மேலியும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. 1960களின் கடைசியிலிருந்தே மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்கிணறு போட்டு நகரத்துக்கு உறிஞ்சியதில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. விவசாயக் கிணறெல்லாம் உப்பு. வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுக் கொண்டுவருவதும் அங்குள்ள பாசனக்காரர்களோடு பங்கு போடுவதுதான். கடலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் அந்தக் கிணறுகளையும் ஏரிகளையும் கொஞ்சம் மூச்சு விட வைக்கிறது. கஷ்ட காலத்துக்குக் கைகொடுக்கும் அளவு ஆலை வேண்டும். மொத்த நகரத்தையும் அதன் மேல் ஏற்றி வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நெம்மேலிக்கு அருகே மீனவக் குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: ஆலை வந்ததிலிருந்து கரை அரிக்கிறது, கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது. கேட்டால் "உப்புத் தண்ணீரைத்தானே உப்புக் கடலில் விடுகிறோம்" என்கிறார்கள். இது சரியா அண்ணே?

சரியில்லை தம்பி. உப்பு என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

மீஞ்சூரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 23.7 கோடி லிட்டர் கடல்நீர் உள்ளே போகிறது. மீதி 13.7 கோடி லிட்டர் திரும்பக் கடலுக்கு வருகிறது, உள்ளே போன உப்பில் கிட்டத்தட்ட அத்தனையையும் தூக்கிக்கொண்டு. லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 60 கிராம் ஆகிவிடும். இந்தக் கனத்த நீர் மேலே மிதந்து கலைந்து போகாது, அடியில் இறங்கித் தரையோடு படியும். தரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நண்டு, இறால், சிப்பி, குஞ்சு மீன்களுக்கு இரையாகும் புழு பூச்சி எல்லாம் அங்கேதான். போதிய ஆழத்துக்குக் கொண்டுபோய், குழாய் முனையில் பல வாய்கள் வைத்துப் பீய்ச்சிக் கலக்கினால் பாதிப்பு சின்ன வட்டத்துக்குள் நிற்கும், கரையோரமாகக் கொட்டினால் நிற்காது. இதோடு மெம்பரேனில் படிவு பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்து, சேறு படிய வைக்கப் போடும் இரும்பு உப்பு, அவ்வப்போது கழுவும் அமிலம் எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தனியாகச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும்.

உள்ளே இழுக்கும் குழாயையும் மறக்கக் கூடாது. வேகமாக உறிஞ்சினால் மீன் முட்டையும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் சேர்ந்து போய்விடும். வாய் அகலமாக வைத்து, நொடிக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் வேகத்தை அடக்கினால் நீந்தத் தெரிந்த மீன் தப்பித்துவிடும், முட்டை தப்பாது.

கரை அரிப்பு விஷயத்தில் ஆலை மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே எதை வைத்தாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதால் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான். அதனால் ஆலைக்காக வைத்த கல்லும் சுவரும் எதுவரை நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் முன்பு எவ்வளவு கரை இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கேட்க வேண்டும். படகை ஏற்றி நிறுத்தவும் வலை காயப்போடவும் கரைவலை இழுக்கவும் மணல் வேண்டும், அது போனால் தொழிலே போன மாதிரிதான். ஆனால் ஆலையின் லாபநட்டக் கணக்கில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய திட்டங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, போட்ட நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தையும் அந்த அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கழிவு நீர் விடும் இடத்தில் உப்பு எவ்வளவு, கொஞ்ச தூரம் தள்ளி எவ்வளவு என்று மாதாமாதம் ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். அப்புறம், குழாய் போகும் வழியில் இருக்கும் உங்கள் குப்பத்துக்கே அந்தத் தண்ணீர் வருகிறதா? வரவில்லை என்றால் முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.

கேளம்பாக்கம் வாசகி: ஆலை வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்களே?

கட்டுகிற இரண்டு மூன்று வருடம் கிடைக்கும், அதிலும் பெரும்பாலும் காண்டிராக்டர் வெளியிலிருந்து கூட்டிவரும் ஆட்களுக்கு. கட்டி முடித்த பிறகு இவை மிகக் குறைந்த ஆட்களோடு ஓடும் ஆலைகள். பம்ப் ஆபரேட்டர், லேப், எலக்ட்ரீஷியன், காவல், அவ்வளவுதான். ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த பிள்ளைகள் இருந்தால் ஆலை தொடங்கும் முன்பே உள்ளூர் ஒதுக்கீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வாசகர்: எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கோயம்பேட்டுச் சாக்கடையைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்களாம். கடல்நீரைவிட இது மலிவா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

ஒரு மாதிரி இருக்கிறது என்பதால்தான் இத்தனை வருடம் இதைத் தள்ளிப்போட்டோம். எனக்குக் கேட்டால், கடலுக்குப் போகும் முன் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 கடைசியில் ஆளுக்கு நாலரைக் கோடி லிட்டரில் இரண்டு ஆலைகள் தொடங்கின. வழக்கமாகச் சுத்திகரித்த கழிவுநீரையே மறுபடி நுண்வடிகட்டி, ஆர்.ஓ. (மெம்பரேன் வழியாக அழுத்தித் தள்ளும் அதே முறை) என்று கடத்திக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வருகிறது, கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மணலியில் 1990களிலேயே பெரிய ஆலைகள் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன. பாய்லருக்கும் கூலிங் டவருக்கும் புழல் ஏரித் தண்ணீர் எதற்கு?

மலிவா என்று கேட்டீர்கள். கட்டுமானச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கோயம்பேட்டுத் திட்டம் ஏறத்தாழ 486 கோடி ரூபாய், நீண்ட குழாய்ப் பாதையோடு. பேரூர் ஆலை ஏறத்தாழ 4,276 கோடி, ஜப்பான் கடனுதவியோடு. 2024 பிப்ரவரியில் திறந்த நெம்மேலி இரண்டாம் ஆலை 15 கோடி லிட்டர், ஏறத்தாழ 1,516 கோடி. வகுத்துப் பார்த்தால் மூன்றுமே தினசரி ஒரு கோடி லிட்டருக்கு நூறு கோடி ரூபாயைச் சுற்றித்தான் வருகின்றன. வித்தியாசம் பட்டனைத் தட்டிய பிறகு தொடங்குகிறது. கழிவுநீரில் உப்பு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான், அதனால் ஆர்.ஓ.வுக்கு வேண்டிய அழுத்தம் கடல்நீருக்கு ஆவதில் கால்வாசிக்குள் முடிந்துவிடும், கரண்டும் அந்த அளவுக்குக் குறையும். ஆலை இருபது முப்பது வருடம் ஓட வேண்டும் என்னும்போது இது சின்னக் காசில்லை. இன்னொன்று, கழிவுநீரின் சேற்றைச் செரிக்க வைத்தால் மீத்தேன் வரும். அதை எரித்து மின்சாரம் எடுக்கும் எஞ்சின்கள் கோயம்பேடு, கொடுங்கையூர் போன்ற நிலையங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

பெரிய லாபம் கூவமும் அடையாறும்தான். அங்கே போய் நாறவிருந்த தண்ணீர் தொழிற்சாலைக்குப் போகிறது, தொழிற்சாலை குடித்துக்கொண்டிருந்த ஏரித் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது. நமீபியாவின் வின்டுஹூக் நகரத்தில் 1968-லிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு கலக்கிறார்கள், சிங்கப்பூர் 2003-இல் தொடங்கியது. நாம் அந்த அளவுக்கு உடனே போக வேண்டாம், ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: நாட்டின் நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் ஏறத்தாழ 7,237 கோடி லிட்டர், உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,024 கோடி. கட்டி வைத்திருக்கும் நிலையங்களின் திறனோ 3,184 கோடி. அதாவது காசு போட்டுக் கட்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா நிற்கிறது. சாக்கடை இணைப்பு கொடுக்காமலே நிலையம் கட்டுவது, கட்டிய பிறகு கரண்ட் பில்லுக்கும் ஆள் சம்பளத்துக்கும் பணம் ஒதுக்காமல் விடுவது, இரண்டும் ஊருக்கு ஊர் நடக்கிறது. புது ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன்பு இருப்பதை முழுசாக ஓட்டினாலே நாடு பாதி நிம்மதி அடையும்.

திருப்பூர் வாசகர்: சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்து நொய்யல் ஆறு பிழைத்தது என்கிறார்கள், அதனால் தொழிலே நசிந்தது என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும். நொய்யலின் குறுக்கே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணை ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டியது. சில வருடத்திலேயே சாயக் கழிவு தேங்கும் குட்டையாகி, அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலைமை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில் 2006-இல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அது நடக்காமல் போகவே 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. ராத்திரியோடு ராத்திரியாக வேலை போன தொழிலாளிகள் எத்தனையோ குடும்பம். அந்தக் கஷ்டத்துக்கு விவசாயியும் காரணமில்லை, தொழிலாளியும் காரணமில்லை. பல வருடம் கழிவை ஆற்றில் விட்டு மிச்சம் பிடித்த காசுதான் ஒரே நாளில் வட்டியோடு திரும்பி வந்தது.

இப்போது பொது நிலையங்களில் ஆர்.ஓ. போட்டு, மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். சாயம் ஏற்றத் தேவைப்படும் உப்பும் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. இது உண்மையான சாதனை. ஆனால் ஆவியாக்க விறகோ கரியோ எரிக்க வேண்டும், கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அதை என்ன செய்வது என்பதுதான் திருப்பூரின் அடுத்த கேள்வி. இந்தச் செலவைச் சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஏற்றுக்கொள்ளாமல், ஒரு பீஸுக்குப் பத்து காசு குறையுமா என்று பேரம் பேசினால், சுமை மறுபடி ஆற்றின் மேலோ தொழிலாளியின் கூலி மேலோதான் வந்து விழும்.

பெரும்பாக்கம் வாசகி: எங்கள் அப்பார்ட்மென்ட்டில் சொந்தமாக எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது. சாயங்காலம் ஆனால் முட்டை அழுகிய நாற்றம். "அப்படித்தான் இருக்கும் மேடம்" என்கிறார் பராமரிப்புக்காரர். உண்மையா?

இல்லை அம்மா, அப்படி இருக்கவே கூடாது. காற்றூட்டும் தொட்டியை எட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் டிக்காஷன் நிறத்தில் பழுப்பாக, பொங்கிப் பொங்கிக் குமிழ் வரும், ஈர மண் வாசம் அடிக்கும். கறுப்பாக இருந்து முட்டை நாற்றம் வந்தால் கழிவைத் தின்னும் கிருமிகளுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கரண்ட் பில்லைக் குறைக்க, காற்றை ஊதும் புளோயரை மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் காரணம். ஒரு லிட்டர் கண்ணாடி அளவு ஜாடியில் அந்தத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஜாடியின் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சேறு படிந்து, மேலே தெளிவாக நின்றால் நிலையம் ஆரோக்கியமாக இருக்கிறது. சேறே படியாமல் கலங்கலாக நின்றால் ஆபரேட்டரிடம் பேச வேண்டிய நேரம்.

ஒன்றை மட்டும் சங்கத்தில் கண்டிப்பாகத் தீர்மானமாகப் போடுங்கள். அடைப்பு என்று எவரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. அந்த நாற்றத்தில் இருக்கும் வாயுவே ஆளைக் கொல்லும், முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து போய்விடுகிறார். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்கிவிடுவது குற்றம், இறக்கச் சொன்னவர் மேல்தான் வழக்கு வரும். இயந்திரம் வைத்து உறிஞ்சும் வண்டிக்கு ஆகும் பணத்தை வருடாந்தரக் கணக்கிலேயே ஒதுக்கி வையுங்கள்.

சுத்திகரித்த தண்ணீரை டேங்கர்காரருக்குக் கொடுத்து வெளியே அனுப்பாதீர்கள், எங்கே கொட்டுவார் என்று தெரியாது. பிளஷ் டேங்குக்குத் தனிக் குழாய் இருந்தால் அதற்கும், இல்லாவிட்டால் செடிகொடிக்கும் திருப்புங்கள், லாரித் தண்ணீர் வாங்கும் செலவு அந்த மாதமே இறங்கும். புளோயருக்கு மட்டும் தனி மின் மீட்டர் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங் எடுத்தால் அது ஓடியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.